நிலாவில் ஓட்டை இல்லை, கேப்டன்

நான் கோபக்காரன் இல்லை. இதை வீட்டில் சொன்னால் என் மனைவி ஜெயலட்சுமி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரகடத்தில் கார் பம்புக்கு அலுமினிய மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக சூப்பர்வைசராகக் குப்பை கொட்டுகிறேன். மூன்றாவது லைன் என்னுடையது. அங்கே மெஷின் சத்தத்துக்கு மேல் என் குரல் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். அதற்குப் பேர் கோபமா?

லைனில் எனக்கு வைத்திருக்கும் பேர் ‘செக்லிஸ்ட் மூர்த்தி’. காலையில் மெஷினை ஓட்டும் முன் பதினாலு கேள்வி போட்ட ஒரு தாளில் டிக் அடிக்க வேண்டும். பார்க்காமல் டிக் அடிப்பவனை நான் சும்மா விட்டதில்லை. எத்தனையோ பேரை நடு லைனில் நிற்க வைத்துக் கிழித்திருக்கிறேன். இது இந்தக் கதையில் எனக்கு வசதியான விஷயம் இல்லை. இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் நெல்லையப்பன் வேலைக்கு வந்தான். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், இருபத்து மூன்று வயது. ஒரு வருஷம் ட்ரெய்னிங், அப்புறம் நிரந்தரம். அவன் வருவதற்கு முதல் நாள் எச்.ஆர். பிரவீனா மேடம் எங்களையெல்லாம் உட்கார வைத்துத் திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார்.

“நெல்லையப்பனுக்கு ஆட்டிசம் இருக்கு. அது வியாதி இல்ல. உலகத்த அவர் பாக்குற விதம் வேற, அவ்ளோதான்.”

“வேலைய பாக்குற விதம் எப்டி மேடம்?” என்று கேட்டேன்.

“உங்கள விட நல்லாவே பாப்பாரு மூர்த்தி.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவன் என் முன்னால் வந்து நின்றான். ஒல்லி உடம்பு, காதில் சத்தம் தடுக்கும் பெரிய மூடி. பஸ்ஸர் சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாதாம். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்து, டிவியில் டப்பிங் படத்தில் வருமே ஒரு கணீர்க் குரல், அந்தக் குரலில் சொன்னான்:

“காற்று நம் பக்கம், கேப்டன்!”

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை யாரும் கேப்டன் என்று கூப்பிட்டதில்லை. வேறு என்னவெல்லாமோ கூப்பிடுகிறார்கள், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டிருக்கிறேன்.

விஷயத்தை விளக்கியவன் மகாராஜா. அவனும் என் லைன்தான். ஊரில் அவனுக்கும் நெல்லையப்பனுக்கும் ஒரே தெரு, இப்போது பிள்ளைப்பாக்கத்தில் ஒரே ரூம்.

“இவன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல சார். ஒருநா டிவில அந்தக் கப்பல் படம் போட்டாம்லா, அந்த எரு...” என்று எதையோ சொல்ல வந்து விழுங்கினான். “அந்தக் கார்ட்டூன் படம். அத பாத்துட்டு மறுநா அம்மைட்ட போயி, ‘கேப்டன், சமையலறையில் புகை!’ன்னுருக்கான். அவங்க ஓடிப்போயி பாத்தா நெசமாவே பால் பொங்கிக் கரிஞ்சிட்டு கெடக்கு. அடுப்படியில உக்காந்து அழுதுருக்காங்க. பாலுக்கு அழல சார்.”

அன்று முதல் நெல்லையப்பனுக்குப் பேச்சென்றால் கார்ட்டூன் படம்தான். மொத்தம் பதினொரு படம் வைத்திருந்தான். கப்பல் படம், பல் டாக்டர் கரடி படம், மேகம் தயாரிக்கும் தொழிற்சாலை படம் என்று எல்லாமே எந்தெந்த நாட்டிலோ எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தவை. அவனாக ஒரு வாக்கியம் பேச வேண்டுமென்றால் பாவம், மூச்சு முட்டும். படத்திலிருந்து எடுத்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி வரும். எந்த இடத்துக்கு எந்த வசனம் என்பதில் மட்டும் தப்பே கிடையாது. கேட்கிறவனுக்குப் படம் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

எங்கள் கம்பெனியில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே மருந்து, ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவது. மகாராஜா போட்டான். வசனம், பொருள், செய்ய வேண்டியது என்று மூன்று கட்டம். ‘மூழ்குகிறோம்! பூனைகள் முதலில்!’ என்றால் சத்தம் தாங்கவில்லை, வெளியே கூட்டிப் போகவும். ‘இந்தப் பல்லுக்கு வேர் இல்லை, டாக்டர்’ என்றால் எங்கேயோ திருகு கழன்றிருக்கிறது, தேடவும். ‘மேகம் நிரம்பிவிட்டது’ என்றால் பாத்ரூம், உடனே விடவும். கீழே லைன் சூப்பர்வைசர் கையெழுத்து என்று ஓர் இடம். நான் போட்டேன்.

ஒரு தடவை எங்கள் லைன் லீலாவுடைய அப்பா செத்துப்போய், காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்த முதல் நாள். கேன்டீனில் யாருக்கும் அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆளாளுக்குத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். நெல்லையப்பன் எழுந்து போய், “என் பங்கு மீனை நீ எடுத்துக்கொள், தோழா” என்று சொல்லி அவன் வடையை அவள் தட்டில் வைத்துவிட்டு வந்தான். அவள் ஓவென்று அழுதாள், அப்புறம் வடையைத் தின்றாள். வடை என்றால் உயிரை விடுகிற பையன் அவன்.

இப்படியே ஐப்பசி வரை நன்றாகத்தான் போயிற்று. பூஜைதான் கெடுத்தது. பூஜை என்ன பாவம் செய்தது, நான் கெடுத்தேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை திருவிழா மாதிரி. கேட்டில் பூசணிக்காய், லைனுக்கு லைன் வாழைமரம், பொரி, கடலை, ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ். மூன்றாவது லைனில் நாற்பத்து மூன்று மெஷினுக்கும் பொட்டு வைப்பது நான்தான். வேறு யாரையும் விடமாட்டேன், கோணல் மாணலாக வைப்பார்கள். கடைசியில் இருப்பது கேமரா மெஷின். ஒவ்வொரு மூடியும் அதன் அடியில் போகும். கேமரா மேலிருந்து பார்த்துக் கீறல், ஓட்டை இருந்தால் சிவப்புப் பெட்டியில் தள்ளிவிடும். புது மெஷின், கோடிக்கணக்கில் விலை. கேமரா ஒரு கறுப்புக் கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்குகிறது. நெற்றி எங்கே என்று தெரியவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினேன். வழவழவென்று ஓர் இடம் தட்டுப்பட்டது. தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூன்று நாள் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை முதல் ஷிப்ட். ஊருக்குப் போன பாதிப் பேர் வரவில்லை. மகாராஜா திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் இடம் கிடைக்காமல் நிற்பதாக போன் செய்தான். பதினோரு மணிக்கு மூடி ஏற்ற லாரி வந்துவிடும். செக்லிஸ்டை நானே எடுத்தேன். ஒன்பதாவது கேள்வி: ‘மாஸ்டர் மூடி வைத்துப் பார்த்தாயா?’ ஒரு குறையும் இல்லாத மூடி ஒன்றைப் பூட்டி வைத்திருப்போம். காலையில் முதலில் அதைக் கேமராவுக்குக் காட்டி, அது ‘நல்லது’ என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அலமாரிச் சாவி வைத்திருந்தவனும் ஊரில். பூஜை போட்ட மெஷினுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று பதினாலுக்கும் டிக் அடித்தேன்.

லைன் ஓடியது. முதல் மூடி சிவப்பு. இரண்டாவது சிவப்பு. ஐம்பது மூடி போயிற்று, ஐம்பதும் சிவப்பு. மூடி வார்க்கும் பிரிவில் இருக்கிறவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். லீலா நிரம்பிய சிவப்புப் பெட்டிகளை இழுத்து இழுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கேமராவுக்கு அடுத்த இடம் நெல்லையப்பனுடையது. மூடியைக் கண்ணால் இன்னொரு தடவை பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். அவனுக்கு நேராக மேலே திரை, அதில் ஒவ்வொரு மூடியின் படமும் வரும். அவன் திரையைப் பார்த்தான், சிவப்புப் பெட்டியில் விழும் மூடியைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். திடீரென்று எழுந்து லைனை நிறுத்தும் மஞ்சள் கயிற்றை இழுத்துவிட்டான். பஸ்ஸர் அலறியது. அவன் காது மூடிக்கு மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்:

“நிலாவில் ஓட்டை இல்லை, கேப்டன்!”

“இன்னாடா ஆச்சு?”

“நிலாவில் ஓட்டை இல்லை, கேப்டன்!”

நான் நேராகச் சுவருக்குப் போய் அட்டவணையைப் பார்த்தேன். நிலா கிடையாது. ஓட்டை கிடையாது. கோபக்காரனாக இருந்தால் போய்ப் பார்த்திருப்பேனா? பஸ்ஸரை நிறுத்தி லைனை ஓட விட்டேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி இழுத்தான். மறுபடி அதே நிலா. மூன்றாவது தடவையும் இழுத்தான். கயிற்றைச் சுருட்டி அவன் கைக்கு எட்டாமல் மேலே கட்டினேன்.

“லாரி வர்ற நேரம்டா! நிலாவும் கிலாவும் வூட்ல போய் பாரு!”

அப்புறம் அவன் செய்ததுதான் பெரிய குற்றம். சிவப்புப் பெட்டிக்குள் கையை விட்டு மூடிகளை அள்ளி அள்ளி, நல்ல மூடி அடுக்கும் தட்டில் வைக்க ஆரம்பித்தான். கார் வேலையில் இதற்கு மேல் பாவம் கிடையாது. அரிசியில் பொறுக்கிய கல்லை அரிசியிலேயே கொட்டுவது மாதிரி. நான் போய்ப் பார்ப்பதற்குள் முப்பத்தெட்டு மூடி வைத்துவிட்டான்.

அவனை நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். லைனில் எல்லாருக்கும் கேட்டது. காதை மூடியிருந்த அவனுக்கும் கேட்டது. கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

மேனேஜர் உதயசூரியன் சார் ஓடி வந்தார்.

“சிவப்புப் பெட்டியில கை வச்சாரா?”

“வச்சான் சார்.”

அவ்வளவுதான். நெல்லையப்பனை ரூமுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை விசாரணை. மெஷின் ரிப்பேர் பார்க்கும் கன்னியப்பன் வந்தான், கூண்டுக்குள் துணியை விட்டு நாலு துடை துடைத்தான், ஆஃப் செய்து ஆன் செய்தான். பச்சை, பச்சை, பச்சை. சிவப்புப் பெட்டியில் கிடந்ததையும் எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் நல்ல மூடி.

“இன்னா ப்ராப்ளம்?” என்றேன்.

“தெர்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஓடுது. இதுக்கு மேல கேக்காதண்ணா.”

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பிரவீனா மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். நெல்லையப்பன் போனை எடுப்பதில்லை, விசாரணைக் கடிதத்தில் அவன் கையெழுத்து வேண்டும், உங்கள் ஊர்தானே, போகிற வழியில் வாங்கி வாருங்கள் என்றார்.

“மேடம், இன்னா ஆவும்?”

“மூடி நல்லதா இருந்தாலும் ரூல் ரூல்தான் மூர்த்தி. அவருக்கு இந்த வேல செட் ஆவலன்னு சொல்லி அனுப்பிடுவாங்க.” அவர் முகம் சரியில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் அந்த ரூம் இருப்பது என் சித்தப்பா விற்ற நிலத்தில்தான். நெல் போட்ட இடத்தில் இப்போது மூன்று மாடி, மாடிக்கு எட்டு ரூம். மகாராஜா அப்போதுதான் ஊரிலிருந்து வந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை. நெல்லையப்பன் பாயில் உட்கார்ந்து, சுவரில் சாய்த்து வைத்த லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். ‘கேப்டன்’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குனிந்து படத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டான்.

“டேய், ஒரு கையெழுத்து போடு, நா கெளம்புறேன்.”

“முடியாது சார்” என்றான் மகாராஜா. “படம் முடியாம எதுவும் செய்ய மாட்டான். நடுவுல ஆள் வந்தா மொதல்லேருந்து போடணும். வந்தவுக கதை தெரியாம முழிக்கக் கூடாதுல்லா.”

“எவ்ளோ நேரம்?”

“ஒண்ணே முக்கா மணி நேரம். டீ போடுதேன், இரிங்க.”

என் தலையெழுத்து. பாயில் உட்கார்ந்தேன். திரையில் கடல், கடலில் கப்பல். கேப்டன் எப்போது வருவான் என்று பார்த்தேன். வந்தான். கறுப்பாக, தொந்தியோடு, மூக்குக் கண்ணாடி போட்டு, இரண்டு கொம்புக்கு நடுவில் தொப்பி மாட்டிக்கொண்டு.

“டேய் மகாராசா. இது இன்னாடா?”

மகாராஜா டீ வடிகட்டுவதில் மும்முரமாக இருந்தான். “எரும சார்.”

“ஆறு மாசமா என்ன எருமன்னா கூப்ட்டுகினு இருந்தான்?”

“நல்ல எரும சார். கோவம் மட்டும் கொஞ்சம் வரும்.”

எழுந்து போயிருப்பேன். டீ சூடாக இருந்ததால் உட்கார்ந்தேன். மகாராஜா குரலைத் தாழ்த்திப் பேசினான். “சார், இவன் ஊருக்கு போனாம்னா முடிஞ்சுது. அங்க இவன் பேசுதது யாருக்கும் புரியாது. ‘எதாவது ஒளறிட்டே கெடக்கான்’ன்னு உள்ளேயே வச்சிருவாங்க. இங்கதான் மொத மொத இவன் சொன்னத ஒரு செவுத்துல எழுதி ஒட்டிருக்கு. அத போட்டோ எடுத்து அம்மைக்கு அனுப்பிருக்கான்.”

படத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், படம் நன்றாகவே இருந்தது. எருமைக் கேப்டன் எதற்கெடுத்தாலும் கத்துகிறான். சமையல்காரன் ஒரு கீரி, அது எது சொன்னாலும் கேட்க மாட்டான். நடுவில் “அந்த மூட்டைல இன்னா கீது?” என்று நானே கேட்டுவிட்டேன். நெல்லையப்பன் திரும்பாமல், பொறு என்று கையைக் காட்டினான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். இரவில் கேப்டன் தொலைநோக்கியை எடுத்து நிலாவைப் பார்க்கிறான். நிலாவில் ஒரு கறுப்பு ஓட்டை. ‘நிலா ஒழுகப் போகிறது! கடல் பொங்கிவிடும்! சரக்கையெல்லாம் தூக்கிக் கடலில் போடுங்கள்!’ என்று அலறுகிறான். எல்லாரும் நல்ல நல்ல மூட்டைகளைத் தூக்கி எறிகிறார்கள். கீரி மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறது: ‘நிலாவில் ஓட்டை இல்லை, கேப்டன்!’ தொலைநோக்கியைக் கரைப் பக்கம் திருப்பினால் கரையிலும் ஓட்டை, கடல் பக்கம் திருப்பினால் கடலிலும் ஓட்டை, எல்லாம் ஒரே இடத்தில். கீரி தண்ணீரில் குதித்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கப்பலில் போடுகிறது. கேப்டன் அதற்கும் கத்துகிறான். கடைசியில் தொலைநோக்கியின் கண்ணாடியிலிருந்து ஓர் ஈ எழுந்து பறந்து போகிறது.

அந்த ஈ பறந்ததும் என் வலது கை ஆட்காட்டி விரல் சில்லென்று ஆயிற்று. கூண்டுக்குள் கை விட்டுத் தடவிய அந்த வழவழப்பு. இரும்பு அவ்வளவு வழவழப்பாகவா இருக்கும்? கண்ணாடி! நெற்றியில் வைப்பதாக நினைத்துக் கண்ணிலேயே வைத்திருக்கிறேன்.

பஸ்ஸர் சத்தம் ஆகாத பையன் காதைப் பொத்திக்கொண்டு மூன்று தடவை அந்தக் கயிற்றை இழுத்தானே என்று அப்போதுதான் உறைத்தது. கேப்டன் கீரியிடம் மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். எங்கே? ‘ஈயை விரட்டியது என் குரல்தான்!’ என்று மீசையை முறுக்குகிறான், படம் முடிந்துவிட்டது. எருமை, எருமைதானே.

நெல்லையப்பன் கடிதத்தை வாங்கி, படிக்காமல், அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து ஜெயலட்சுமியிடம் சொன்னேன்.

“நீதான் வெச்சன்னு யாருக்காவது தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. துணிய கூட கன்னியப்பன் தூக்கி போட்டுட்டான்.”

“அப்போ சும்மா இரு. பத்தொம்பது வருஷம் வாங்காத கெட்ட பேரு இப்போ எதுக்கு?” சோற்றைப் போட்டாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தாள். “துன்ற மூஞ்சா இது? போ, போயி நாளைக்கு ஒத்துக்கோ. இல்லன்னா என் உயிர வாங்குவ.”

புதன்கிழமை காலை மீட்டிங் ரூம். உதயசூரியன் சார், பிரவீனா மேடம், நான், கன்னியப்பன். ஒரு ஓரத்தில் நெல்லையப்பனும் மகாராஜாவும். நெல்லையப்பன் மேஜையில் இருந்த பேனாக்களை உயர வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். எந்தத் தப்பு நடந்தாலும் எங்கள் கம்பெனியில் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டுப் பலகையில் எழுத வேண்டும். சாமி கும்பிடுவது மாதிரி அது ஒரு முறை. சார் எழுதினார்:

‘ஏன் மூடி கலந்தது? நெல்லையப்பன் கலந்தார்.’

‘ஏன் கலந்தார்? ஆட்டிசம்.’

பேனாவை மூடினார். ஐந்து ‘ஏன்’ கேட்க வேண்டிய இடத்தில் இரண்டிலேயே வேலை முடிந்துவிட்டது.

“சார், இன்னும் மூணு கீது” என்றேன்.

“என்ன மூர்த்தி?”

நான் எழுந்து போய் இரண்டாவது வரியைக் கையாலேயே அழித்தேன். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

‘ஏன் கலந்தார்? மூடியில் ஓட்டை இல்லை என்று அவருக்குத் தெரியும்.’

‘ஏன் கேமரா ஓட்டை என்றது? கண்ணாடியில் சந்தனம், குங்குமம்.’

‘ஏன் கண்ணாடியில்? பார்க்காமல் தடவி வைத்தது.’

‘ஏன் காலையில் தெரியவில்லை? மாஸ்டர் மூடி வைக்காமல் டிக் அடித்தது.’

ஐந்தும் ஆயிற்று. அந்த முறையில் ‘யார்’ என்ற கேள்வியே கிடையாது. ஆளைக் குறை சொல்லக் கூடாது, முறையைத்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆறாவதாக ஒரு வரி எழுதினேன்: ‘யார்? மூர்த்தி.’

கன்னியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். “அதான் துணி செவப்பா இருந்துச்சா! நா என் வெரல்ல ரத்தம்னு நெனச்சு பிளாஸ்திரி போட்டுகினேன்.”

பிரவீனா மேடம் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, வெளியே போய்விட்டு வந்தார். உதயசூரியன் சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி மூர்த்தி, அவருக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வாயால சொல்லியிருக்கணும் இல்ல?”

“சொன்னான் சார். தொண்ட கிழிய சொன்னான். அவன் பாஷைல சொன்னான், எனக்குதான் தெரியல. ஒண்ணே முக்கா மணி நேரம் உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆறு மாசமா பாக்கல.”

சார் பலகையில் இருந்ததை முதலிலிருந்து ஒரு தடவை படித்தார். அப்புறம் நெல்லையப்பன் பக்கம் திரும்பி, “இனிமே சிவப்புப் பெட்டியில கை வைக்கக் கூடாது. லைன நிறுத்திட்டு என்னக் கூப்பிடணும். சரியா?” என்றார்.

நெல்லையப்பன் கடைசிப் பேனாவை அடுக்கிவிட்டுக் கேட்டான்: “சரக்கு பத்திரமா, கேப்டன்?”

“பத்திரம்பா. எல்லாம் நல்ல மூடி.”

நெல்லையப்பன் தலையாட்டினான். கேப்டன் பட்டம் கை மாறிவிட்டது. எருமைப் பட்டம்தான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

நெல்லையப்பன் வேலையில் இருப்பான் என்று எழுதினார்கள். மகாராஜா மீட்டிங் ரூம் என்றுகூடப் பார்க்காமல் விசில் அடித்தான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், பத்தொன்பது வருஷத்தில் முதல் கடிதம். ஒரு வாரத்தில் கம்பெனி முழுக்க ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், ‘பொட்டு இங்கே’ என்று. சுவரில் அட்டவணையில் புது வரி ஏறியது. ‘நிலாவில் ஓட்டை இல்லை’ என்றால் கோளாறு மூடியில் இல்லை, கேமராவில். செய்ய வேண்டியது என்ற கட்டத்தில் லீலா எழுதினாள்: ‘லைனை நிறுத்தவும். சூப்பர்வைசர் வாயை மூடவும்.’ அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் நெல்லையப்பன் என்னிடம் பேசவில்லை. காலையில் வருவான், பேனாவைப் பார்ப்பான், போய்விடுவான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அவனுக்குப் புரிகிற மாதிரி கேட்க வேண்டும். மகாராஜாவிடம் பதினொரு படத்தையும் வாங்கிவந்து பத்து நாள் வீட்டில் ஓட்டினேன். ஜெயலட்சுமி சீரியலை விட்டுக் கரடி டாக்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். அத்தனை படத்திலும் தேடினேன். சண்டை போடுகிறார்கள், கட்டிப் பிடிக்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். தப்புச் செய்தவன் நேராக நின்று ஒரு மன்னிப்புக் கேட்பது ஒரு படத்திலும் இல்லை.

பதினோராவது நாள் காலை அவன் முன்னால் போய் நின்றேன். தொண்டையை இரண்டு தடவை கனைத்தேன். வார்த்தை வரமாட்டேன் என்றது. இத்தனை வருஷத்தில் பழக்கமே இல்லை.

“மன்னிச்சிக்கோடா நெல்ல. உன்ன அப்டி சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்துதான்.”

அவன் மேலே விளக்கைப் பார்த்தான். உள்ளே பதினொரு படத்தையும் ஓட்டித் தேடுகிறான் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன். அப்புறம் மெதுவாக, மூச்சு வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாக, எந்தப் படத்திலும் இல்லாத அவன் குரலில் சொன்னான்:

“இது... படத்துல... இல்ல.”

“இல்லடா. நானும் தேடிட்டேன்.”

“நல்லா... இருக்கு” என்றான். அவன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் லீலாவின் காலை அவன் தெரியாமல் மிதித்துவிட்டான். அவள் “ஆ” என்றாள். நெல்லையப்பன் தொண்டையை இரண்டு தடவை கனைத்தான். அச்சு அசலாக என் குரலில், என் கரகரப்போடு சொன்னான்: “மன்னிச்சிக்கோடா நெல்ல. தப்பு என்துதான்.”

லைன் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அட்டவணையில் மகாராஜா அதையும் ஏற்றிவிட்டான். இப்போதெல்லாம் அந்தப் பையன் யார்மேல் இடித்தாலும், யார் தண்ணீரைத் தட்டிவிட்டாலும் என் குரல்தான் கேட்கிறது. ஆயுசுக்கும் நான் ஒரே ஒரு தடவை கேட்ட மன்னிப்பு, மூன்றாவது லைனில் தினம் நாலு தடவையாவது ஓடுகிறது.